எட்டிம்ஆன்லைன்: இணைப்புச்சொற்களின் பூர்வீகம் தேட ஏற்ற இடமா?

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேட, டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த எட்டிம்ஆன்லைன் தளம் இலவசம். இணைப்புச்சொற்களில்தான் அதன் அருமை நன்றாகத் தெரிகிறது.

'பட்' (but) என்று தேடுங்கள். பழைய ஆங்கில 'பூட்டன்' வரும். பொருள் 'வெளியே', 'தவிர'. 'ஆல் பட் ஒன்' என்னும்போது அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'அன்லெஸ்' இன்னும் சுவை: 'ஆன்' (on), 'லெஸ்' இரண்டும் சேர்ந்தது. முன்னால் உள்ள 'அன்', 'அன்ஹாப்பி'யில் வரும் எதிர்மறை முன்னொட்டு அல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இது. 'சின்ஸ்' முதலில் 'அதற்குப் பிறகு' என்று காலத்தையே குறித்தது, காரணப் பொருள் பின்னால் ஒட்டியது. 'பிகாஸ்' என்பது 'பை', 'காஸ்' சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஒரே எழுத்துக்கூட்டலுக்குப் பல பதிவுகள் வரும். 'வைல்' (while) பெயர்ச்சொல்லாகவும் உண்டு. அதையும் படித்தால்தான் 'சிறிது நேரம்' எப்படி இணைப்புச்சொல் ஆனது என்பது விளங்கும். உடுக்குறி (*) இட்ட வடிவங்கள் ஒப்பிட்டு ஊகித்தவை, எந்த ஏட்டிலும் கிடைத்தவை அல்ல. பதிவில் தரும் ஆண்டு என்பது கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றின் காலம். பேச்சில் சொல் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம்.

குறை ஒன்று: காலவரிசையில் மேற்கோள் வாக்கியங்கள் இல்லை. பொருள் படிப்படியாக மாறியதைக் காண ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும். அதற்குச் சந்தா உண்டு. கல்லூரி நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்.