சித்திரை லீவில் ஒரு நாள்: பேராதனையா, ஹக்கலயா?

வருஷப் பிறப்பு முடிந்ததும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். இரண்டும் இலங்கை மலைநாட்டுத் தாவரவியல் பூங்காக்கள்: அம்மாவுக்குக் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனை, எனக்கு நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல. நுவரெலியா நகரின் விக்டோரியா பூங்காவை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அழகான இடம்தான், ஆனால் சித்திரை சீசனில் சனம் நெருக்கும், நாள் முழுக்க நடக்கவும் இடம் போதாது.

பேராதனையில் நடை சுகம். மகாவலி வளைத்துப் போகும் 147 ஏக்கர், பெரும்பாலும் சமதரை. முழங்கால் வலியோடு வருகிறவர்கள்கூட பனைமர வரிசை நிழலில் ஆறுதலாக நடக்கலாம். 1821 இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய பூங்கா இது. அங்கே 1901 இல் நட்ட நாகலிங்க மரம் ஒன்று நிற்கிறது. நட்டவர் பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானார். பூ கிளை நுனியில் வராது, அடிமரத்திலேயே கொத்தாகத் தொங்கும். விழுந்து கிடந்த ஒரு பூவை அம்மா எடுத்து இதழை விலக்கிக் காட்டினார்: உள்ளே சின்ன லிங்கம், மேலே குடை பிடித்த நாகம். அரசர் நட்ட கதையை நான் சொன்னபோது அவர் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. 1824 இல் சீனத்துத் தேயிலைச் செடியைக் கொண்டுவந்து வைத்தது இந்தப் பேராதனையில்தான். கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலையை முதன்முதலாகத் தோட்டமாகப் பயிரிட்டது அதற்கும் 43 வருஷம் பின்னால். கொழுந்து பறித்து எங்களைப் படிக்கவைத்தவர் அம்மா. அவருக்கு இந்த இடம் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனாலும் பூ பார்க்க என்றால் ஹக்கலதான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேராதனையில் சித்திரை வெயில் பத்து மணிக்கே சுட ஆரம்பிக்கும். ஹக்கல 5,000 அடிக்கு மேலே, அந்த நேரத்திலும் சுவெட்டர் வேண்டும். ரோஜாப் பாத்திகளில் இதழோரம் பனித்துளி காயாமல் நிற்கும். பூங்காவுக்குப் பின்னால் செங்குத்தாக ஹக்கல பாறை, அதன் காடு வேலியோடு வந்து முட்டுகிறது. ஆளுயர மரப்பன்னங்களுக்கு அடியில் நின்றால் நம் மூச்சே புகையாகத் தெரியும். 1861 இல் இது தொடங்கியது கொயினா மரத்துக்காக, காய்ச்சல் மருந்துக்காக. பூ பிறகு வந்தது.

குறை என்றால் ஏற்றமும் படிகளும். பெரியவர்கள் கீழ்த்தளத்துக் குளத்தோடு நின்றுவிட வேண்டியிருக்கும்.

ஹக்கலவுக்கு நுவரெலியாவில் வெலிமடை பஸ்ஸைக் காலையிலேயே பிடியுங்கள், வாசலில் இறக்கிவிடுவார்கள். சித்திரையில் மதியம் தாண்டினால் இடி மழை வரும். அதற்கு முன் நடந்து முடித்துவிட்டு, திரும்பும் வழியில் சீதாஎலிய சீதையம்மன் கோயிலில் இறங்கினால் ஓடைக்கரையில் உட்கார நேரம் கிடைக்கும். அம்மா கூட வந்தால் அந்த வருஷம் பேராதனை, வராவிட்டால் ஹக்கல.