சால்டரிங் கைவேலையைக் குறைக்க: வேவ் இயந்திரமா, ரீஃப்ளோ அடுப்பா?

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் எங்கள் பட்டறை. மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் தண்ணீர் மட்டக் கருவி செய்கிறோம். அதன் மின்சுற்றுப் போர்டு ஒன்றில், பாகங்களின் கால்களைச் சால்டரை உருக்கி இணைக்கும் பற்றுகள் நூறுக்கு மேல். எல்லாமே கையால்தான் வைத்துவந்தோம். மாலை நேரத்துப் போர்டுகளில் கை தளர்ந்தது பற்றிலேயே தெரியும்.

இருக்கிற போர்டை மாற்றாமல், உருகிய சால்டர் அலைமேல் போர்டை ஓட்டி எல்லாக் கால்களையும் ஒரே நடையில் பற்றவைக்கும் வேவ் சால்டரிங் இயந்திரம் வாங்கலாம். அல்லது துளையில்லாமல் போர்டின் மேல்பரப்பிலேயே அமரும் எஸ்.எம்.டி. பாகங்களுக்கு ஏற்றபடி போர்டை வரைந்து, சால்டர் பேஸ்ட் பூச ஓட்டையிட்ட தகடான ஸ்டென்சிலும், பூசிய பேஸ்டை உருக்கிப் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்பும் வாங்கலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இன்றும் என் ஓட்டு அதற்கே.

வேகத்தில் வேவ்தான் முன்னால், அதில் பேச்சே இல்லை. இரண்டும் வேண்டாமென்று வேலையை வெளியே கொடுத்தால் குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கிறார்கள். சிறு பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது.

என் முடிவைத் தீர்மானித்தது, வேலை இல்லாத நாளில் இயந்திரம் தின்னும் செலவு. சிறிய வேவ் இயந்திரத்தின் தொட்டியிலும் பல கிலோ சால்டர் உருகி நிற்க வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த 63/37 கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். தொட்டியையோ 250 டிகிரி அளவில் வைக்க வேண்டும். பத்துப் போர்டுக்கும் ஆயிரம் போர்டுக்கும் அதே சூடுதான். மேலே படியும் கசடை வழித்துக்கொண்டே, குறையும் அளவுக்குப் புதுச் சால்டர் போட வேண்டும். போர்டிலிருந்து கரையும் செம்பு தொட்டியில் சேர்ந்துகொண்டே போவதால் கலவையையும் சோதிக்க வேண்டும். நீண்ட மின்வெட்டு வந்தால் மொத்தமும் உறைந்துவிடும்; மறுபடி உருகும்வரை எல்லோரும் கை கட்டி நிற்க வேண்டியதுதான். வாரத்தில் சில நாள் மட்டும் போர்டு ஓட்டும் எங்களுக்கு இது ஆகாது. வேவ் இயந்திரத்தை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. தெரிந்தவர் பட்டறையில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

ரீஃப்ளோ அடுப்பை அணைத்துவிட்டால் செலவு நின்றுவிடும். மின்சாரம் போனாலும் உள்ளே இருக்கும் தட்டுக்குத்தான் ஆபத்து. கவனம் கேட்பது பேஸ்ட், அதாவது சால்டர் தூள் கலந்த பசை. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். எடுத்ததும் திறக்காமல் சில மணி நேரம் அறைச்சூட்டுக்கு வர விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் கோத்து, அடுப்பில் தெறித்து, பாகங்களின் கால்களுக்கு இடையே குட்டிக் குட்டிச் சால்டர் உருண்டைகளாக நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே மழைக்காற்று வீசும் ஜூன், ஜூலையில் அந்த அறைக்கு ஏ.சி. கட்டாயம். ஸ்டென்சில் மேல் பிளேடை இழுக்கும்போது பேஸ்ட் அதன் முன்னால் திரிபோல் உருண்டு வர வேண்டும். உருளாமல் வழுக்கினால் பேஸ்ட் காயத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அப்போது ஸ்டென்சில் ஓட்டைகள் பாதிதான் நிரம்பும்.

கைவேலை முழுவதும் ஒழியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் போடும் ரிலே, டெர்மினல், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவை அடுப்புச் சூட்டைத் தாங்காது. போர்டுக்கு இருபது பற்றுகள் இன்னும் கையால்தான். சின்னப் பாகங்களை ட்வீசரால் எடுத்து வைப்பதற்கும் ஆள் வேண்டும். ஆனால் அதில் புகை இல்லை, சூடு இல்லை. புதிதாக வந்தவர்களும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். ஈயமில்லாச் சால்டருக்கு அடுப்பு 240 டிகிரியைத் தொட வேண்டும். எங்கள் அடுப்பில் அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

ஒரே போர்டைத் தினமும் நூற்றுக்கணக்கில் ஓட்டுபவர், அதிலும் ரிலேயும் டெர்மினலுமாக நிறைந்திருந்தால், வேவ் இயந்திரமே வாங்கட்டும். அவர் தொட்டி சும்மா நிற்காது. மிஞ்சிய இருபது பற்றுகளுக்கு நாங்கள் வாங்க எண்ணியிருப்பது, கால்களை உருகிய சால்டரில் தோய்த்தெடுக்க மேசைமேல் வைக்கும் சிறு டிப் தொட்டி. அதற்காகப் புதுப் போர்டில் அந்தக் கால்களையெல்லாம் ஒரே ஓரத்துக்குக் கொண்டுவந்து வரைந்திருக்கிறோம்.