டபுள்ஸ் ஆடற பசங்களுக்கு ஏத்த கோர்ட்டு

கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் இருக்கற இந்த இண்டோர் ஷட்டில் கோர்ட்டுலதான் பையன டபுள்ஸ் கோச்சிங் சேத்திருக்கேன், சார் சொல்லிக்குடுக்கற விதம் சூப்பருங்க. எல்லாரும் நம்ம இந்திய டபுள்ஸ் பிளேயர் சாத்விக்கோட மணிக்கு 565 கிமீ வேக ஸ்மாஷ் கின்னஸ் ரெக்கார்டத்தான் பேசுவாங்க, ஆனா சாத்விக்-சிராக் ஜோடி 2023ல நடந்த ஏசியன் கேம்ஸ்ல தங்கம் அடிச்சதுக்கு ரொட்டேஷனும் எவ்ளோ முக்கியம்னு இவரு புரிய வெக்கறாரு, ஒருத்தன் பின்னாடி நின்னு அடிச்சா இன்னொருத்தன் நெட்டுக்கு ஓடியாரணும், ஷட்டில் காக்க எதிராளிக்கு உயர தூக்கிக் குடுத்துட்டா ரெண்டு பேரும் சைடு சைடா பிரிஞ்சிரணும்னு கத்தி கத்தி பழக்கறாரு. ஷார்ட் சர்வீஸுக்கு நெட்டுக்கு மேல ஒரு கயிறு கட்டி அந்த சந்துல காக் போகணும்ங்கறாரு, பாக்கவே அவ்ளோ அழகு!! மேட்டு நல்ல கிரிப்பு. லைட்டு மட்டும் கோர்ட்டுக்கு நேர் மேல இருக்கு, ஸ்மாஷுக்கு அண்ணாந்து பாத்தா கண்ணு கூசுது, சைடுக்கு மாத்துங்க ப்ளீஸ். சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி, காலைல போங்க.