டியூ டேட்டுகளுக்கு நடுவே ஓய்வு: சில வருடங்கள் கடைப்பிடித்த பிறகு

மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) வேலைகளைப் பார்க்கிறேன். கிளையன்ட்களில் பெரும்பாலோர் கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரிகளும் விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரர்களும்தான். வேலையில் கருகிப்போகாமல் இருக்க எளிய ஓய்வுத் திட்டம் ஒன்றைப் போட்டு, சில வருடங்களாகக் கடைப்பிடித்து வருகிறேன். அதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை, எதற்குத் திட்டம் மட்டும் போதவில்லை என்று எழுதுகிறேன். மாதாமாதம் கெடு வைத்து ஓடும் வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

எங்கள் மாதம் எப்படி ஓடும் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கு. 15 என்றால் ஊழியர்களுக்கான பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு). 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது வரி கட்டும் மாதச் சுருக்கக் கணக்கு. அன்றைக்கு சாயங்காலம் ஜிஎஸ்டி இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்க, கிளையன்ட் போனில் காத்திருப்பார். 21க்கு மேல்தான் மூச்சு விடலாம். தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பவர்களுக்கு அது சரி. எங்களுக்கு 12ஆம் தேதியும் 25ஆம் தேதியும் ஒன்றல்ல.

அதனால் நான் வைத்துக்கொண்டது ஒரே விதி. டியூ டேட் குறிக்கும் அதே காலண்டரில் ஓய்வையும் குறிப்பேன். நெருக்கும் நாட்களுக்குச் சின்ன அளவு, இளகும் நாட்களுக்குப் பெரிய அளவு. கடைகளில் இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர் போதும். கட்டம் பெரிதாக இருக்கும், சுவரில் கண்ணெதிரே தொங்கும். வீட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்கள் என்பது இன்னொரு நன்மை. 5லிருந்து 20 வரை இரவுச் சமையல் யார் பொறுப்பு என்று அதிலேயே எழுதிவிட்டோம். இந்த ஒரு ஏற்பாடு கொடுத்த நிம்மதியை வேறு எதுவும் கொடுக்கவில்லை.

இந்தத் திட்டத்தில் உயிரான பகுதி காலை நடை. வீடு காமராஜர் சாலைப் பக்கம் என்பதால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு நடந்தே போய்விடலாம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஏறக்குறைய 1,000 அடிக்கு 950 அடி. வெளிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்கு வரும். கொஞ்சம் வேகமாக நடந்தால் இரண்டு சுற்றுக்கு அரைமணி நேரம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் இரண்டு சுற்று போனால் கணக்கு நேராகிவிடும். நெருக்கும் நாட்களில் ஒரு சுற்றுதான். அதுவும் முடியாத காலையில் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவேன்; நடக்காவிட்டாலும் அந்த இடத்துக்குப் போவதை விடுவதில்லை.

குளத்தைச் சுற்றுவதில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு நடந்தோம் என்று பார்க்கக் கைக்கடிகாரமோ செயலியோ வேண்டாம். பாதியில் அலுத்துத் திரும்பினாலும் வீட்டுக்கு வர அதே தூரம்தான் நடக்க வேண்டும், அதனால் சுற்றை முடித்துவிடத் தோன்றும். முகம் தெரிந்தவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். ரெண்டு நாள் போகாவிட்டால், “என்னம்மா, மாசக் கெடுவா?” என்று கேட்கும் ஒரு அக்கா எனக்கு அங்கே கிடைத்திருக்கிறார்.

மாலை நடை ஒத்துவரவில்லை. தின்பண்டக் கடைகளும் கூட்டமும் வண்டிச் சத்தமுமாக இருக்கும். பிள்ளைகளோடு போக அருமையான நேரம், தலையை ஆறவிடத் தோதான நேரம் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் ஐந்தரைக்கே கிளம்பிவிட வேண்டும். தைத் தெப்பத் திருவிழா அன்று நடையை விட்டுவிட்டு சாமி பார்க்கப் போவேன்.

அடுத்தது போன். அலுவலகப் பேச்சு முழுவதும் வாட்ஸ்ஆப்பில் நடப்பதால் அதை அணைத்துவைக்க வழியில்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் மணி அடிக்காமல் வைக்கும் ‘டு நாட் டிஸ்டர்ப்’ தானாக வரும்படி வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில், 15 நிமிடத்துக்குள் ஒரே ஆள் இரண்டாவது தடவை அழைத்தால் மணி அடிக்கும்படி ஒரு அமைப்பு இருக்கிறது. இதைக் கிளையன்ட்களிடமும் சொல்லிவிட்டேன்: “அண்ணாச்சி, ராத்திரி நிஜமாவே அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க.” இரண்டாவது தடவை அடிப்பவர்கள் மிகக் குறைவு. காலையில் அனுப்பினாலும் போதும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. மதியம் டிபன் பாக்ஸைக் கம்ப்யூட்டர் முன்னால் திறப்பதில்லை, அவ்வளவுதான். காபி, டீ நான்கு மணியோடு நிறுத்தம். காபியில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே உடம்புக்கு சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறரைக்குக் குடித்த காபி தூங்கப் போகும்போதும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு நம்ம ஊரில் சூடான பருத்திப்பால் இருக்கிறதே, சுக்கும் ஏலக்காயும் மணக்க! 20ஆம் தேதி சாயங்காலம் அலுவலகம் முழுவதுக்கும் அதுதான் வரும்.

21க்கு மேல் வரும் முதல் ஞாயிறு கீழக்குயில்குடி சமணர் மலைக்கு. ஆலமரமும் தாமரைக்குளமும் தாண்டி, பாறைப் படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். பாறை சூடாவதற்குள் இறங்கிவிட வேண்டும். மழையாக இருந்தால் புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அங்கே கணக்குப் புத்தகம் இருக்கும் அடுக்குப் பக்கம் மட்டும் போகமாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை நீண்ட விடுப்பு சித்திரைத் திருவிழாவில். மார்ச் முடிந்த களைப்பு உடம்பில் இருக்கும், தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வேலையும் ஓடாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை. அதை ஒட்டி ரெண்டு நாள் சேர்த்துக்கொள்வேன்.

நிலைக்காதவையும் உண்டு. தியானச் செயலி, வருடக் கட்டணம் வாங்கிய உடற்பயிற்சிக்கூடம், தினமும் நன்றி எழுதும் நோட்டு எல்லாம் 7ஆம் தேதி வந்தால் நின்றுபோயின. அவை கெட்டவை இல்லை. ஒரு நாள் விட்டால் எல்லாமே விட்டுப்போனது போல் ஆகிவிடும் எதுவும் எங்கள் வேலைக்குத் தாங்காது.

இனி, இந்தத் திட்டம் எட்டாத இடம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட் (வேலையில் கருகிப்போவது) என்பதை நோயாக இல்லாமல், வேலையோடு தொடர்புடைய நிலையாக வகைப்படுத்தியது. சரியாகக் கையாளப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தால் வருவது. சக்தி வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, செய்யும் வேலையில் திறன் குறைவது என்று மூன்று அடையாளம் சொல்கிறது. வேலையிலிருந்து வருவதை நடையும் பருத்திப்பாலும் மட்டும் தீர்த்துவிடாது. எனக்கு இது தெளிவானது செப்டம்பர்களில். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு 30ஆம் தேதி கெடு. ஆவணங்கள் எல்லாம் கடைசி பத்து நாளில் வந்து குவியும். நடை நடந்துகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் கிளையன்ட் பெயர் போனில் தெரிந்தாலே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் ஆடிட்டர் சாரிடம் பேசினேன். “சார், ஜூலையிலேயே பேப்பர் கேட்டு வாங்க ஆரம்பிச்சுடலாம். செப்டம்பர்ல எல்லாத்தையும் ஒரே ஆள் பார்க்க முடியாது.” அவர் யோசித்துவிட்டு, “சரிம்மா, யார்கிட்ட முதல்ல கேக்கலாம்னு ஒரு லிஸ்ட் போடுங்க” என்றார். ஜவுளிக்கடைகளுக்கு ஆடித் தள்ளுபடி தொடங்குமுன் கேட்க வேண்டும், மளிகைக்காரர்களுக்கு ஆகஸ்ட் என்று பிரித்தோம். எல்லோரும் சொன்ன நாளில் தரவில்லை, பாதிப் பேர் தந்தாலே செப்டம்பர் வேறு மாதிரி இருக்கிறது. காலண்டரில் எழுதும் எந்த ஓய்வையும்விட இந்தப் பேச்சுக்குத்தான் நான் அதிக மதிப்புப் போடுவேன்.

விடுமுறை எடுத்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இலவசமாக எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் 1ஆம் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வேலையில் எந்தக் கெடுவுக்குப் பிறகு இளகுகிறதோ, அதற்கு மறுநாள் தொடங்குங்கள். எங்களுக்கு அது 21. பழகிக்கொள்ளப் பத்துப் பதினைந்து நாள் கிடைக்கும்; அடுத்த நெருக்கடி வரும்போது எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அதற்குள் தெரிந்திருக்கும்.