மேக் ஷார்ட்கட்ஸ்: அப்டேட்டுக்குப் பிறகும் தாங்குமா?

திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாக ஓட்டும் ஷார்ட்கட்ஸ் செயலி, 2021இல் மான்டரே என்ற மேக்ஓஎஸ் பதிப்புடன் மேக்குக்கு வந்தது. அதே வேலைக்கான பழைய செயலியான ஆட்டோமேட்டருக்கு மாற்றாக அதை ஆப்பிள் முன்னிறுத்துகிறது. புதிதாக அமைக்கும் அன்று எந்தக் கருவியும் நன்றாகத்தான் ஓடும். பெரிய சிஸ்டம் அப்டேட் முடிந்த மறுநாளும் ஓடுகிறதா என்பதே கேள்வி. அந்தச் சோதனையில் ஷார்ட்கட்ஸ் தேறுகிறது, ஆனால் முழு வேலையையும் அதன் தலையில் கட்டாமல் இருந்தால் மட்டும்.

முதலில் அடிபடுவது பெரும்பாலும் அனுமதிகள். 2018இன் மொஹாவே பதிப்பு முதல், ஒரு செயலி இன்னொன்றை இயக்க வேண்டுமென்றால் பயனரின் சம்மதம் வேண்டும். -1743 என்ற பிழை எண் வந்தால் சிஸ்டம் செட்டிங்ஸின் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் ஆட்டோமேஷன் பட்டியலைப் பாருங்கள். -25211 வந்தால் அக்சசிபிலிட்டி பட்டியல். இந்த இரண்டாவதுதான் ஆளைக் குழப்பும்: ஸ்விட்ச் ஆன் என்றே காட்டும், வேலை மட்டும் நடக்காது. அனுமதி செயலியின் பெயரோடு மட்டுமல்ல, அதன் டிஜிட்டல் கையொப்பத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது. கையொப்பம் மாறியதும் பழைய பதிவு பொருந்தாமல் போகிறது. ஸ்விட்சை அணைத்துப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். மைனஸ் குறியால் செயலியைப் பட்டியலிலிருந்து நீக்கி, பிளஸ் குறியால் மறுபடி சேர்த்து, செயலியை முழுதாக மூடித் திறக்க வேண்டும். அனுமதிப் பதிவுகளை அழிக்கும் டிசிசியூட்டில் (tccutil) கட்டளையால் ரீசெட் செய்பவர்கள் செயலியின் அடையாளப் பெயரைச் (bundle ID) சேர்த்துக் கொடுங்கள். விட்டுவிட்டால் அந்த வகை அனுமதி எல்லாச் செயலிகளுக்கும் சேர்ந்து அழிந்துவிடும்.

அனுமதி யாருக்குத் தரப்பட்டது என்பதும் முக்கியம். ஒரே ஸ்கிரிப்டை (கட்டளைகள் எழுதிய கோப்பு), கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் ஓட்டினால் அனுமதி டெர்மினலுடையது; ஷார்ட்கட்ஸ் வழியே ஓட்டினால் ஷார்ட்கட்ஸுடையது. "டெர்மினலில் ஓடுகிறது, இங்கே ஓடவில்லை" என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல். ஷார்ட்கட்ஸில் ஸ்கிரிப்டை ஓட்டும் ரன் ஷெல் ஸ்கிரிப்ட் ஆக்‌ஷன் டெர்மினல் படிக்கும் உங்கள் இசட்ஷெல் அமைப்புக் கோப்பைப் (.zshrc) படிப்பதில்லை; அதற்குத் தெரிவது சிஸ்டத்தின் அடிப்படை அடைவுகள் மட்டுமே. ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியே போட்ட கருவிகளை முழுப் பாதையோடு அழையுங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் அவை ஆப்ட் (/opt) அடைவின் கீழும், இன்டெல் மேக்கில் யூஎஸ்ஆர் லோக்கலின் (/usr/local) கீழும் இருக்கும். மெஷின் மாற்றியவர்களின் ஸ்கிரிப்டுகள் சாவது இந்த இடத்தில்தான். கோப்புகளை உள்ளீடாகத் தரும்போது பாஸ் இன்புட் அமைப்பை ஆர்க்யுமென்ட்ஸ் என்று மாற்றி, மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். பெயரில் இடைவெளி உள்ள கோப்பு வந்தால் அப்போதுதான் உடையாது. இதற்கெல்லாம் முன்னால், ஷார்ட்கட்ஸ் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்கிரிப்ட் ஓட்டும் அனுமதி டிக் ஆகியிருக்க வேண்டும்.

மேக்கோடு சேர்ந்தே வந்த ஸ்கிரிப்ட் மொழிகளும் போய்விட்டன: மான்டரே பிஎச்பியை நீக்கியது. 2022இல் வந்த அதன் 12.3 பதிப்பு பைதான் 2.7ஐத் தூக்கியது. பழைய ஸ்கிரிப்டின் முதல் வரி இன்னும் அந்தப் பைதானைச் சுட்டினால், எந்தக் கருவியிலிருந்து அழைத்தாலும் ஓடாது. பெரிய அப்டேட்டுக்குப் பின், கோப்பு மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட் (git) அல்லது பைதான் 3 'எக்ஸ்சிரன்' (xcrun) என்று தொடங்கும் பிழையோடு நின்றால், ஆப்பிளின் கமாண்ட் லைன் டூல்ஸை மறுபடி நிறுவுங்கள். பெரும்பாலும் அது போதும்.

பட்டனைத் தேடிக் கிளிக் செய்யும் ஆப்பிள்ஸ்கிரிப்டுகள் தனி ரகம். வென்ச்சுரா பதிப்பில் சிஸ்டம் பிரிஃபரன்சஸ் என்பது சிஸ்டம் செட்டிங்ஸ் ஆனபோது, அதன் ஜன்னலை நம்பி எழுதியவை கொத்தாக விழுந்தன. 'மூன்றாவது குழுவின் இரண்டாவது பட்டன்' என்று எழுதிய எதையும் ஷார்ட்கட்ஸ் உட்பட யாராலும் காப்பாற்ற முடியாது.

ஷார்ட்கட்ஸின் உண்மையான குறை வேறு. எல்லாம் ஒரு தரவுத்தளக் கோப்புக்குள் கிடக்கிறது. சாதாரண உரைக் கோப்பாக இல்லை. அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று வரிக்கு வரி ஒப்பிட வழியில்லை. அதனால் தர்க்கத்தைத் தனி ஷெல் கோப்பில் எழுதி கிட்டில் வையுங்கள். ஷார்ட்கட் அந்தக் கோப்பை அழைக்கும் ஒற்றை ஆக்‌ஷனாக மட்டும் இருக்கட்டும். உடைந்தால் எந்தப் பாதி உடைந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

நேரம் வைத்து ஓடும் வேலைகளை அப்டேட் முடிந்ததும் ஒருமுறை கையால் ஓட்டிவிடுங்கள். அனுமதி கேட்கும் பெட்டி ஆளில்லாத நள்ளிரவில் வந்தால் பதில் சொல்ல யாருமில்லை. காத்திருந்து பார்த்து -1712 என்ற காலாவதிப் பிழையோடு ஸ்கிரிப்ட் கைவிட்டுவிடலாம்.

ஆட்டோமேட்டரிலிருந்து மாற வேண்டுமா? ஒர்க்ஃப்ளோ கோப்பை இழுத்து ஷார்ட்கட்ஸில் போட்டால் மாற்றித் தரும், இணையான ஆக்‌ஷன் இல்லாதவற்றைத் தவிர. ஒரு ஃபோல்டரில் கோப்பு விழுந்ததும் தானாக ஓடும் வசதி மேக் ஷார்ட்கட்ஸில் வெகுகாலம் இல்லை. 2025இன் டஹோ பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் ஃபோல்டர் ஆக்‌ஷன்களை ஆட்டோமேட்டரிலேயே விட்டுவைக்கலாம். மவுஸ் அசைவும் கீபோர்டு குறுக்குவழியுமே உங்கள் வேலையின் பெரும்பகுதி என்றால் கீபோர்டு மேஸ்ட்ரோ அல்லது ஹாமர்ஸ்பூன் போன்ற தனிச் செயலிகள் பக்கம் போங்கள். மைனஸ், பிளஸ் சடங்கு அங்கேயும் உண்டு.