காலையில் பிர்ரியா, இருட்டினால் பஸ்தோர்: புவேர்ட்டோ வயார்ட்டாவில் வெளியே சாப்பிடுவது

கொழும்பில் காலை ஒன்பது மணிக்குக் கொத்துரொட்டி கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். தகடு சூடேறுவதே பொழுதுபட்ட பிறகுதான். மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தில் இருக்கும் புவேர்ட்டோ வயார்ட்டாவும் அதே குணமுள்ள ஊர். அங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு மணி உண்டு. போய்வந்து "சாப்பாடு சுமார்தான்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களில் பலர் நல்ல சாமானைப் பிழையான நேரத்தில் கேட்டவர்கள். மற்றவர்கள் ஹோட்டல்காரன் கையில் கட்டிவிட்ட வளையத்தோடு வளவை விட்டு வெளியே வராதவர்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த ஊரின் பெயர் அடிபடுவது பெரும்பாலும் ரொறன்ரோ உறவுகளால்தான். பனிக்காலத்தில் அங்கே போய் நிற்பவர்களை, ஐந்து, ஐந்தரை மணி நேரப் பறப்புத்தானே என்று விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்த ஒரு கிழமைப் பொதியில் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே முதலில் அந்தப் பொதியின் சாப்பாடு. காலை உணவு நன்றாகவே இருக்கும். பொரித்த சோளரொட்டித் துண்டுகளைச் சல்சா என்ற மிளகாய்ச் சட்னியில் பிரட்டித் தரும் சிலகிலெஸ், முட்டை, பப்பாசி, அன்னாசி எல்லாம் அந்த நேரத்துக்கே தயாராகி வரும். இரவு பஃபே வேறு கதை. கரிச்சூட்டில் நிற்க வேண்டிய இறைச்சி நீராவித் தட்டில் மணிக்கணக்காகக் கிடந்து ஊறிப்போகும். மிளகாய் பேருக்குத்தான். வெளிநாட்டு நாக்குக்கென்று அடக்கிச் சமைத்தது. காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த அறை கிடைத்தால் அதை எடுத்துவிட்டு மிச்சக் காசை வீதியில் செலவழிக்கலாம். சோளரொட்டியில் இறைச்சியோ மீனோ வைத்து மடித்த வீதியோர டாக்கோ ஒன்று பெரும்பாலும் 25 முதல் 35 பெசோ. பெசோ ஒன்று அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 15 முதல் 18 இலங்கை ரூபாய். நாலு டாக்கோவும் ஒரு குடிபானமும் 2,000 ரூபாய்க்கும் 3,000 ரூபாய்க்கும் இடையில் முடிந்துவிடும். கொழும்பு நடுத்தரக் கடைக் கணக்குத்தான்.

ஊரின் அமைப்பு லேசானது. தெற்கே லோஸ் முவெர்ட்டோஸ் கடற்கரையை ஒட்டி சோனா ரொமாண்டிகா. அதற்கு வடக்கே குவாலே ஆறு. ஆற்றைத் தாண்டினால் மலேகோன் என்ற கடலோர நடைபாதை. அதையும் தாண்டிப் போனால் ஹோட்டல் வரிசை, படகுத்துறை, விமான நிலையம். கடலைப் பார்த்திருக்கும் முதல் வீதியில் ஆங்கில மெனுவும் வாசலில் நின்று கூப்பிடும் ஆளும் இருப்பார்கள். மூன்று வீதி உள்ளே நடந்தால் விலையும் இறங்கும், உப்புப் புளியும் சரியாகும்.

காலையில் பிர்ரியா. ஹலிஸ்கோவின் சொந்தச் சாப்பாடு. செத்தல் மிளகாய் வகைகள், வினாகிரி, கராம்பு, கறுவா, சீரகம் எல்லாம் அரைத்துப் பூசிய இறைச்சியை மூடிப்போட்டு மணிக்கணக்காக வேகவிடுவார்கள். எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழும். எங்கள் ஆட்டிறைச்சிக் குழம்பின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம், தேங்காய்ப்பால் மட்டும் இல்லை. வண்டிக்கடைகள் எட்டு மணியளவில் தொடங்கும், மத்தியானத்துக்குள் சட்டி காலி. பதினொரு மணிக்குப் பிறகு கிடைப்பது அடிச்சட்டி, காய்ந்த நார். சட்டியைச் சுற்றி ஆள் நிற்கும் நேரத்திலேயே போய், டாக்கோவோடு ஒரு கோப்பை கொன்சொமே, அதாவது அந்த இறைச்சியின் சாறு, தனியாகக் கேட்க வேண்டும். தேசிக்காய் பிழிந்து குடிக்கலாம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இங்கே கவனம். பழைய பிர்ரியா ஆட்டில்தான். ஆனால் இன்று பல கடைகளில், குறிப்பாகச் சீஸ் உருக்கிச் சிவப்பு எண்ணெயில் பொரிக்கும் கெசபிர்ரியா விற்கும் இடங்களில், அது மாடு. "எஸ் தே சிவோ ஓ தே ரெஸ்?" என்று கேளுங்கள். சிவோ என்றால் ஆடு, ரெஸ் என்றால் மாடு. புவெர்கோ, செர்தோ இரண்டும் பன்றி, போயோ கோழி. இந்த ஐந்து சொல்லும் மனப்பாடமாக இருந்தால் எந்தப் பலகையையும் வாசித்துவிடலாம்.

மத்தியானம் கடலுக்கு உரியது. இந்த ஊருக்குப் போவதற்கே இதுதான் காரணம் என்று சொன்னாலும் தவறில்லை. காலையில் கரைக்கு வந்த மீன் பன்னிரண்டு மணிக்குத் தேசிக்காய்ப் புளியில் ஊறிய செவிச்சேயாகி மூன்று, நாலு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் நம்பும் கடலுணவுக் கடைகள் பல பின்னேரத்தோடு பூட்டிவிடுவதும் அதனால்தான். படகுத்துறைப் பக்கத்து ஓச்சோ தொஸ்தாதாஸ் அப்படிப்பட்ட பகல் கடை. சோனா ரொமாண்டிகாவில் நரன்ஹோ வீதியில் இருக்கும் மாரிஸ்மா, மாவில் தோய்த்துப் பொரித்த மீன், இறால் டாக்கோவுக்குப் பேர்போனது. அதுவும் பகலுக்கே.

இந்தக் கரைச் செவிச்சேயில் மீன் துண்டாக வராது. பொடிப்பொடியாகக் கொத்தி, தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, துருவிய கரட், வெங்காயம், கொத்தமல்லி இலை சேர்த்து, மொறுமொறுப்பான தொஸ்தாதா ரொட்டியில் பரப்பித் தருவார்கள். இதற்குப் பெரும்பாலும் போடுவது சியெர்ரா. அது எங்கள் அறுக்குளாவின் இனம்தான், கடல்தான் வேறு. அறுக்குளாச் சம்பல் பிசைந்த கைக்கு இந்த ருசி பிடிபட நேரமெடுக்காது.

அக்வாசிலே இன்னொரு படி மேலே. பச்சை இறாலை நடுவே கீறி விரித்து, தேசிக்காய், பச்சை மிளகாய், உப்பு அடித்த சாற்றை ஊற்றி, வெள்ளரியும் சிவப்பு வெங்காயமும் போட்டுச் சில நிமிடத்திலேயே மேசைக்கு அனுப்புவார்கள். வடக்கே சினலோவா மாநிலத்திலிருந்து வந்த சாப்பாடு. பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறத்தில் வரும். கறுப்புக்கு சோயா சோஸ் போன்றவை காரணம். நல்லதாக இருந்தால் இறால் விளிம்பில் வெண்மையாகவும் நடுவில் கண்ணாடியாகவும் தெரியும். முழுக்க வெளுத்து ரப்பர்போல் இழுத்தால் முன்கூட்டியே ஊறப்போட்டது, திருப்பி அனுப்பலாம். தேசிக்காய்ப் புளி இறாலின் நிறத்தை மாற்றுமே தவிர அதைச் சமைப்பதில்லை. கிருமியும் அதனால் முழுதாகச் சாகாது. கர்ப்பிணிகளும் வயிற்றுக்கோளாறு உள்ளவர்களும் பொரித்த இறாலோடு நிற்பது நல்லது. இரவு ஒன்பது மணிக்கு மலேகோன் ஓரத்தில் அக்வாசிலே கேட்பது யாருக்குமே நல்லதில்லை.

உறைப்பு பற்றி ஒரு வார்த்தை. "எங்களுக்கா உறைப்பு?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறவர்கள் முதல் நாளே தண்ணீர் தேடுவார்கள். எங்கள் உறைப்பைத் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் சோறும் தாங்கிக்கொள்ளும். அங்கே பச்சை மிளகாய் புளியோடு மட்டும் வரும், தடுக்க எதுவுமில்லை. பச்சைச் சல்சா சிவப்பை விடச் சாது என்ற நினைப்பும் பிழை, பல கடைகளில் நேர்மாறு. "குவால் பிக்கா மாஸ்?", எது கூட உறைக்கும் என்று கேட்டுவிட்டுக் கரண்டியைத் தொடுங்கள்.

குடும்பமாகப் போனால் ஒரு மத்தியானத்தைப் பெஸ்காதோ சரந்தெயாதோவுக்கு ஒதுக்குங்கள். முழு மீனை முதுகால் பிளந்து புத்தகம்போல் விரித்து, மிளகாய் விழுது, தேசிக்காய், சோயா, பல இடங்களில் மயோனைஸ் அல்லது கடுகுச் சாந்தும் பூசி, இரு பக்கக் கம்பிச் சட்டத்தில் இறுக்கி விறகுத் தணலில் வாட்டுவார்கள். கிலோக் கணக்கில் விலை. சுட முதல் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, "குவாந்தோ பெசா?" என்று நிறையைக் கேட்டு, விலையையும் வாயால் சொல்லவைக்க வேண்டும். பில்லில் வரும் சண்டை முக்கால்வாசி இங்கே தவிர்ந்துவிடும். ஒன்றரைக் கிலோ மீன் நாலு பேருக்குக் காணும். அரை மணிக்கு மேல் எடுக்கும், அவசரப்படுத்தினால் முள்ளோரம் வேகாது. பத்து நிமிடத்தில் வந்தால் அது பிளந்த மீனல்ல, குளிர்பெட்டித் துண்டில் சோஸ் தடவியது. ஹுவச்சினாங்கோ என்பது சிவப்புத் தோல் ரெட் ஸ்னாப்பர். ரொபாலோ கிடைத்தால் அதை எடுங்கள். கொடுவா மீனுக்குத் தூரத்து உறவு.

லோஸ் முவெர்ட்டோஸ் மணலில் கதிரை போட்டிருக்கும் கடைகள் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. மணலில் துவாய் விரித்து இருப்பதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கதிரைக்கும் குடைக்கும்தான் "கொன்சூமோ மினிமோ", அதாவது இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகை. அது ஆளுக்கா மேசைக்கா, பானமும் சேருமா, டிப்ஸும் சேருமா என்று உட்கார முதல் கேளுங்கள். சாய்ந்த பிறகு கேட்டால் பதில் மாறும். குச்சியில் குத்திச் சுட்ட மீனும் இறாலும் மணலில் விற்று வரும். பெஸ்காதோ எம்பராசாதோ, நேரே சொன்னால் "கர்ப்பமான மீன்". குச்சியில் சுட்டது என்ற ஸ்பானியச் சொற்றொடர் வாயில் மருவியதாம். தணல் பக்கத்தில் நின்று சுடச்சுட வாங்கினால் காலி முகத்திடல் இறால் வடைக்கு ஈடு. வெயிலில் நடந்து திரிந்த தட்டிலிருந்து வேண்டாம்.

பின்னேரம் மலேகோனில் சுரைக்குடுவையைத் தோளில் சுமந்து வருபவர் விற்பது தூபா. எங்களுக்கு அது தெரிந்த சாமான்தான்: தென்னம்பாளை சீவி இறக்கிய பதநீர். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மணிலாக் கப்பல்களில் வந்து பாளை சீவும் வித்தையை அந்தக் கரைக்குக் கொடுத்தார்கள். நறுக்கிய ஆப்பிளும் கச்சானும் மேலே தூவித் தருவார்கள். இனிப்பாக இருந்தால் புதியது. புளித்து நுரைத்தால், களுத்துறைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இருட்டிய பிறகு பஸ்தோர். அச்சியோத்தே விதையும் மிளகாயும் வினாகிரியும் பூசிய பன்றி இறைச்சியைச் செங்குத்துக் கம்பியில் அடுக்கி, நெருப்பைப் பார்த்துச் சுழலவிட்டு, வெளிப்புறம் கருகக் கருகச் சீவுவார்கள். லெபனானியக் குடியேறிகள் கொண்டுவந்த ஷவர்மாவின் மெக்சிகோப் பிள்ளை. பசிலியோ பதீயோ வீதியில் பாஞ்சோஸ் டாக்கோஸ் இதற்கு அறியப்பட்டது. மாலையில்தான் திறக்கும், வரிசை வாசலைத் தாண்டி வீதிக்கு வரும். எந்தக் கடையானாலும் திறந்த முதல் அரை மணியில் போகாதீர்கள், கம்பியின் வெளித்தோல் இன்னும் சிவந்திருக்காது. அதைவிட மோசமானது, முன்பே சீவிக் குவித்த இறைச்சியைத் தகட்டில் சூடுகாட்டித் தருவது. கத்தி கம்பியில் படுகிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். "கோன் தோதோ" என்றால் வெங்காயமும் கொத்தமல்லியும் வரும். இரண்டு இரண்டாகச் சொல்வதுதான் முறை, ஒரேயடியாக ஆறு சொன்னால் கடைசி இரண்டு ஆறிவிடும். பல வண்டிக்கடைகளில் காசு சாப்பிட்ட பிறகுதான், எத்தனை என்று நீங்களே சொல்வீர்கள். பன்றி சாப்பிடாத முஸ்லிம் வாசகர்களுக்கு இரவு நேரம் சிரமம்தான். ஒரே தகடு, ஒரே கத்தி.

சைவக்காரர்கள் "சின் கார்னே", இறைச்சியில்லாமல், என்று சொல்லி நிம்மதியடையக் கூடாது. அவரைக் களியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம், அவித்த சோளமாவுப் பண்டமான தமாலேயின் மாவிலும் கொழுப்பு. "சின் மந்தேகா, சின் கால்தோ தே போயோ" என்று இரண்டையும் சொல்ல வேண்டும். கள்ளிமடல் நொப்பால், பூசணிப்பூவும் சீஸும் வைத்து மடித்த ரொட்டியான கெசதியா, சீஸில் பிரட்டிய மிளகாய்க் கீற்றான ராஹாஸ், அவகாடோ மசியலான குவாக்கமோலே இவற்றை நம்பலாம். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் கால வெள்ளிகளில் கத்தோலிக்கர் இறைச்சி தவிர்ப்பதால் சாதாரணக் கடையிலும் தெரிவு கூடும். ஆனால் பெரிய வெள்ளிக் கிழமை வாரத்தில் உள்நாட்டுக் கூட்டம் ஊரை நிறைத்துவிடும், மேசை கிடைக்காது.

மேசைவிரிப்பு, மெழுகுதிரி வேண்டுமென்றால் கஃபே தெஸ் ஆர்திஸ்த், 1990 முதல் பிரெஞ்சுக் கைப்பக்குவத்தில் மெக்சிகோப் பொருட்களைச் சமைக்கும் இடம். முன்பதிவு வேண்டும், விலை அதற்கேற்ப. மணலில் கால் புதைத்து இரவுச் சாப்பாடு என்றால் லா பாலாப்பா.

காசு விஷயத்தில் முதல் பொறி $ குறி. மெக்சிகோவில் அது பெசோவைக் குறிக்கும். $180 என்ற மீன் டாக்கோத் தட்டு 180 டொலர் அல்ல. மறுபக்கம், டொலரில் விலை போடும் சுற்றுலாக் கடைகளும் உண்டு, ஆகவே மெனுவின் அடியைப் பாருங்கள். கொழும்பில் வற் (VAT) வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் பில்லின் அடியில் ஏறிப் பழகியவர்களுக்கு இன்னொரு வித்தியாசம்: அங்கே 16 சதவீத வரி மெனு விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். டிப்ஸ் தனி, 10 முதல் 15 சதவீதம், சட்டப்படி கட்டாயமில்லை. பில்லில் "ப்ரொபினா" அல்லது "செர்விசியோ" என்று ஏற்கெனவே ஒரு வரி இருந்தால் மேலும் வைக்கத் தேவையில்லை. கார்ட் இயந்திரம் பெசோவா உங்கள் நாட்டுக் காசா என்று கேட்டால் பெசோவை அழுத்துங்கள், மற்றதில் மாற்று வீதம் கடிக்கும். வண்டிக்கடைகளுக்குச் சில்லறை வேண்டும், 500 பெசோத் தாளை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். பில் தானாக வராது. கேளாமல் கொண்டுவருவது "எழும்பிப் போ" என்பதற்குச் சமம் என்று பரிசாரகர் நினைப்பார். "லா குவெந்தா, போர் ஃபவோர்".

வயிறு கெடுவது பெரும்பாலும் நெருப்பிலிருந்து வந்த இறைச்சியால் அல்ல, காலை முதல் வெயிலில் திறந்து கிடந்த சல்சாக் கிண்ணத்தால். கிண்ணம் ஐஸ்மேல் இருக்கிறதா, மூடி உண்டா என்று பாருங்கள். குழாய்த் தண்ணீர் உள்ளூர்க்காரரும் பெரும்பாலும் குடிப்பதில்லை. நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் சுத்திகரித்த தண்ணீரில் செய்தது, பயமில்லை.

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் மண்டபத்தில் இலவசக் காலைச் சாப்பாடும் படகுச் சவாரியும் தருகிறோம் என்று சிரித்தபடி மறிப்பவர்கள் பங்குவீடு, அதாவது வருடத்தில் சில நாள் தங்கும் உரிமை, விற்பவர்கள். ஒன்றரை மணி நேரம் என்பார்கள், மத்தியானமும் அங்கேயே போய்விடும். நிற்காமல் நடந்தால் பிர்ரியாச் சட்டி இன்னும் காலியாகியிருக்காது.