இறையழைத்தல் முகாம்: இளையோரை அனுப்பலாமா?

கடவுள் தங்களை எந்த வாழ்வுக்கு அழைக்கிறார் என்று இளையோர் தெளிந்தறிய எங்கள் மறைமாவட்ட இறையழைத்தல் பணிக்குழு நடத்திய வார இறுதி முகாமில், குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்துக்கு ஆள் சேர்க்கும் அவசரம் எங்கும் தென்படவில்லை. திருமணமும் இறையழைப்பே என்று, வீட்டுக்கடன் முதல் பிள்ளை வளர்ப்பு வரை ஒரு தம்பதியர் மனம்திறந்து பேசினர். 1521இல் பாம்பலோனா போரில் காயமுற்றுப் படுக்கையில் கிடந்த, பின்னர் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார், எந்த எண்ணம் நீடித்த நிறைவைத் தருகிறது, எது வறட்சியில் விட்டுச் செல்கிறது என்று கவனித்த முறையே முகாமின் உயிர். முன்பு தெளிந்து எடுத்த முடிவை மனவறட்சி வேளையில் மாற்றக் கூடாது என்ற அவரது விதியை விளக்கிய அருள்தந்தை, அதைக் குறிப்பேட்டில் எழுதிச் சோதிக்கவும் வைத்தார். ஆன்ம வழிகாட்டியுடன் தனியே பேசக் கிடைத்த நேரம்தான் மிகக் குறைவு. குருவாக அருள்பொழிவு பெற 25 வயது நிறைய வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே நிதானம் கோருகையில், முகாமுக்குப் பிறகும் அந்த உரையாடல் தொடர வழிசெய்ய வேண்டும். கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம்.